தண்ணீரின் மேல் போட்ட பழி

சென்ற வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு ஃபாரிஸை அடக்கம் செய்தார்கள். வயது முப்பத்தாறு. வவுனியாவில் எங்கள் தெருமுனையில் சைக்கிள் உதிரிப்பாகக் கடை வைத்திருந்தவன். என் பத்தியை வாராவாரம் படித்துவிட்டு, "இந்த முறை கொஞ்சம் நீளம், அக்கா" என்பான்.

போன வருடம் ஆள் வெளிறிப்போனான். நாலு படி ஏறினால் மூச்சு வாங்கியது. பரிசோதித்தார்கள் — சிறுநீரகம் பழுது.

எங்கள் பக்கத்தில் இது புதினமா என்ன? வயல் கிராமங்களில் எத்தனை பேருக்கு இருக்கிறது... தண்ணீர் சரியில்லை என்று எல்லோரும் ஒரே வாயாகச் சொன்னோம். கிணற்றுத் தண்ணீரைக் குடிப்பதை நிறுத்தினான். கிளினிக்கில் தந்த மருந்தை ஒழுங்காகக் குடித்தான். ஆனாலும் உடம்பு தேறவில்லை.

முதுகும் நொந்துகொண்டிருந்தது. சிறுநீரகம் பார்க்கும் இடத்தில் முதுகைப் பற்றி யார் கதைப்பார்கள்? பாரம் தூக்கிய நோ என்று எண்ணெய் பூசிக்கொண்டான்.

ஒரு நாள் காலை கடை ஷட்டரை மேலே தள்ளினான். கை எலும்பு முறிந்தது. விழவில்லை, அடிபடவில்லை — தள்ளினான், அவ்வளவுதான்.

ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரேயைப் பார்த்த டொக்டர் கேட்டிருக்கிறார்.

"வேற எங்கயும் நோகுதா?"

"முதுகு நோகுது, டொக்டர். கன நாளா."

"ஏன் முந்தியே சொல்லேல்ல?"

"ஒருத்தரும் கேக்கேல்ல."

எலும்பெல்லாம் பூச்சி அரித்ததுபோல் ஓட்டைகள். மல்டிபிள் மயலோமா — எலும்பு மஜ்ஜையில் வரும் புற்றுநோய். சிறுநீரகத்தைக் கெடுத்ததும் அதுதான். பெரும்பாலும் வயதானவர்களுக்கு வருவது. முப்பதுகளில் இருப்பவனிடம் அதை யார் தேடுவார்கள்?

கொழும்பில் சிகிச்சை தொடங்கியது. நோ குறைந்தது. வீட்டுக்கு வந்து இரண்டு நாள் கடையிலும் இருந்தான். பிறகு நியூமோனியா வந்தது. அதை எதிர்க்க அவன் உடம்பில் எதுவும் மிச்சமிருக்கவில்லை.

நேற்று அவன் மனைவி ருக்சானாவைப் பார்க்கப் போனேன்.

"வருஷம் முழுக்க தண்ணியோடதான் சண்டை பிடிச்சனாங்கள், அக்கா" என்றாள். "முந்தியே வருத்தத்தைக் கண்டுபிடிச்சிருந்தா கிட்னி தப்பியிருக்கும் எண்டு கொழும்பு டொக்டர் சொன்னவர். ஆள் தப்பியிருப்பாரோ எண்டு கேட்டன். அதுக்கு அவர் ஒண்டும் சொல்லேல்ல."

அவள் கையைப் பிடித்துக்கொண்டு இருந்தேன்.

உங்களுக்கு ஒன்று சொல்கிறேன். எந்த நோவுக்குப் போனாலும் மற்ற நோவையும் சேர்த்துச் சொல்லுங்கள் — டொக்டர் கேட்காவிட்டாலும்.