அக்காவுக்கு ஜாமீன்

எங்கள் தேயிலை மலையின் பிரிஞ்சாங் டவுனில், கடையொன்றில் என் அக்கா ஒரு நகப்பூச்சுக் குப்பியைத் திருடினாள். இப்படிப் பட்டென்று சொல்வதற்கே எனக்கு இத்தனை வயதாகிவிட்டது. எங்கள் வீட்டில் அதை "அந்தச் சங்கதி" என்பதோடு நிறுத்திக்கொள்வார்கள். எழுபதுகளின் கடைசியில் நடந்தது. பள்ளி விடுமுறையில் அம்மாவோடு கொழுந்து பறித்துப் பறித்து அவள் விரல்நுனியெல்லாம் கறுத்துக் கிடந்தது. எலுமிச்சை தேய்த்தும் போகவில்லை. மூன்றாம் படிவத்தில் படிக்கிற பதினைந்து வயதுக்காரிக்கு அது மானப் பிரச்சினை. குப்பியை ஸ்வெட்டர் கைக்குள் விட்டுக்கொண்டு வாசலைத் தாண்டுவதற்குள் முதலாளியின் தம்பி பிடித்துவிட்டான். முதலாளி இருந்திருந்தால் நாலு திட்டுத் திட்டி அனுப்பியிருப்பார். தம்பி போலீசைக் கூப்பிட்டுவிட்டான்.

கோர்ட்டு பக்கத்து ஊரான தானா ராத்தாவில். சிறுவர் வழக்கென்பதால் கதவைச் சாத்திக்கொண்டு விசாரித்தார்கள். அம்மாவும் அப்பாவும் அக்காவோடு உள்ளே போக, நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். உள்ளே நடந்ததை அம்மா பிற்பாடு சொல்லித்தான் தெரியும். முதல் தப்பு, குடும்பமும் யோக்கியமானது என்று நலத்துறை அம்மாள் சொன்னதால் மாஜிஸ்திரேட் தண்டிக்கவில்லை. ஓராண்டு ஒழுங்காக இருக்க வேண்டும், அதற்கு ஒருவர் ஜாமீன் நிற்க வேண்டும் என்றார். ஆள் கிடைக்காவிட்டால் அக்கா மலையிறங்கிப் பெண்பிள்ளைகள் சீர்திருத்த இல்லத்துக்குப் போக வேண்டியதுதான். அப்பா முந்திக்கொண்டு தன் அடையாள அட்டையான ஐசியை நீட்டியிருக்கிறார். அது சிவப்பு ஐசி. இந்த மலையில் எத்தனை வருஷம் உழைத்தாலும் நீ இந்நாட்டுக் குடிமகன் இல்லை என்று சொல்லும் அட்டை. அங்கிருந்த குமாஸ்தா பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டார். அம்மாவுடையதும் சிவப்புதான். அடுத்த வாரத்துக்குள் குடியுரிமை உள்ள நீல ஐசிக்காரர் ஒருவரைக் கூட்டி வரச் சொன்னார்கள். பெற்ற பிள்ளைக்குப் பெற்றவன் பொறுப்பேற்க முடியாதாம். என்ன சட்டமோ, போங்கள்.

எங்கள் லைன் வீடுகளில் பாதிப் பேருக்குச் சிவப்பு. நீலம் வைத்திருந்தவர்களோ கோர்ட்டு என்றதுமே நழுவிக்கொண்டார்கள். கேட்டுக் கேட்டுக் கடைசியில் மிஞ்சியவர் தோட்டத்துக் கணக்குப் பார்க்கும் கிராணி. அவருக்கும் அப்பாவுக்கும் ஏழாம் பொருத்தம். கொழுந்து நிறுக்கும்போது, இலையில் ஈரம் என்று சொல்லிக் கிராணி எடையில் கழிப்பார். அப்பா பெண்களுக்காக முன்னால் போய் நின்று சத்தம் போட்டு, கழித்ததைத் திரும்பச் சேர்க்க வைப்பார். தோட்டத்தில் அவர் ஒருவருக்குத்தான் அந்த வாய். எனக்கோ அது பெரிய வெட்கக்கேடு. கிராணியின் மகளும் நானும் ஒரே வகுப்பு.

அம்மா என்னையும் கூட்டிக்கொண்டு அப்பாவோடு கிராணி வீட்டுக்குப் போனாள். அவர் எங்களை உட்காரச் சொல்லவில்லை. திட்டவும் இல்லை. அம்மா அழுது முடிக்கும்வரை காத்திருந்துவிட்டு அப்பாவைப் பார்த்துச் சொன்னார்.

"கையெழுத்துப் போடறேன்லா. பொண்ணு ஒழுங்கா இருக்கணும். அப்பனும் ஒழுங்கா இருந்துட்டா எனக்கு ஒரு தொல்லையும் இல்ல."

அப்பா தரையைப் பார்த்தபடி, "சரிங்கய்யா" என்றார். அவரை அப்பா ஐயா என்று அழைத்து நான் அதுவரை கேட்டதில்லை. நல்ல மரியாதை வந்துவிட்டதே என்று எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

சொன்னபடியே கிராணி கையெழுத்துப் போட்டார். அக்கா வீட்டிலேயே தங்கினாள், பள்ளிக்கும் போனாள். அதன்பின் கிராணி அம்மாவின் கூடையிலேயே கழித்தார். அப்பா பக்கத்தில் நின்றுகொண்டு எதிர்மலையைப் பார்த்தார். வாயில் என்ன கொழுக்கட்டையா என்று பக்கத்து வீட்டு அத்தை கேட்டபோதும் மலையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. கொஞ்ச நாளில் பெண்கள் அவர் பக்கம் திரும்பிப் பார்ப்பதையே விட்டுவிட்டார்கள்.

ஓராண்டு முடிந்து அக்காவின் கெடு தீர்ந்தது. அப்பா மட்டும் அப்படியே இருந்தார். இனி சத்தம் போட்டாலும் பின்னால் வந்து நிற்க யாரும் இல்லை என்று அவருக்குத் தெரிந்திருக்கும். பாவம், அலுத்துப் போயும் இருப்பார்.

கெடு தீர்ந்த அன்று அம்மா கருவாடு பொரித்தாள். எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தோம். நான்தான் பேச்சை ஆரம்பித்தேன்.

"நீ திருடுனதும் நல்லதாப் போச்சுக்கா. அப்பா இப்பல்லாம் சண்டையே போடறதில்ல."

அப்பா தலையை நிமிர்த்தாமல் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார். அக்கா தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்து பின்பக்கம் போனாள். அவளுக்குப் பசியில்லை போலும் என்று, அவள் பங்குக் கருவாட்டையும் நானே எடுத்துத் தின்றேன்.