எண்ணா, எழுத்தா என்று கேட்ட நசீரா

சிதம்பரம் பேருந்து நிலையத்தில் நான் கடலூர் வண்டிக்குக் காத்து நின்றபோது, புள்ளியியல் பேராசிரியர் நசீராவின் தம்பி அழைத்தார். "அக்கா போயிட்டாங்கண்ணே."

நசீராவை ஊர் அதிகம் அறியாது. அறிந்திருக்க வேண்டும்.

சுனாமி வந்து சில ஆண்டுகளுக்குப் பின், கடலூருக்குத் தெற்கே ஒரு குப்பத்துப் பெண்கள், கைப்பம்புத் தண்ணீர் உப்புக் கரிக்கிறது என்று முறையிட்டார்கள். அங்கே போய்க்கொண்டிருந்த தண்ணீர் லாரியை நிறுத்தும் பேச்சும் அடிபட்டது. நசீரா தம் மாணவர்களைக் கொண்டு கரையோரப் பம்புகளின் உப்பளவை எடுத்து, 'ஆர்' என்ற கணினி மொழியில் கணக்கிட்டார். அந்தக் குப்பத்தில்தான் உப்பு மிகக் குறைவு என்று வந்தது. நாளிதழ் நிருபரான நான் அப்படியே செய்தி எழுதிக் கொடுத்துவிட்டேன்.

மாலையில் கைபேசி ஒலித்தது. "அண்ணே, அதை நிறுத்துங்க. தப்பு என்னுது."

"பக்கம் அச்சுக்குப் போவுதும்மா. வெளையாடுறீங்களா?"

"கம்ப்யூட்டர்தான் வெளையாடியிருக்கு. கேளுங்க." குரலில் வருத்தத்தைவிடக் குதூகலம் மிகுந்திருந்தது.

வறண்டுபோன ஒரு பம்புக்கு நேரே, எண் இருக்கவேண்டிய கட்டத்தில், மாணவர் ஒருவர் 'வத்திப்போச்சு' என்று தட்டியிருந்தார். அந்த ஒரு சொல்லால் கணினி அந்த நெடுவரிசை முழுவதையுமே சொற்களாக எடுத்துக்கொண்டது. அகராதிபோல முதல் இலக்கத்தைப் பார்த்து வரிசைப்படுத்தி, உப்பளவுக்குப் பதில் வரிசை எண்ணைக் கொடுத்தது. ஆயிரம் என்பது ஒன்றில் தொடங்குவதால் முன்னால் வந்து சிறிய எண்ணைப் பெற்றது. ஒன்பதில் தொடங்கும் தொண்ணூறு பின்னால் போனது. ஆயிரத்துக்கு மேலிருந்த குப்பத்தின் உப்பு இப்படித்தான் மறைந்தது.

"'கிளாஸ்'னு ஒரு வரி போட்டா, உள்ள இருக்கிறது எண்ணா எழுத்தான்னு சொல்லிடும். போடாம விட்டுட்டேன். ஆனா அத்தனை பொம்பளைங்க நாக்கும் பொய் சொல்லுமான்னு உறுத்துச்சு. போட்டுப் பாத்தேன். மாட்டிக்கிச்சுண்ணே."

மாடிப்படிகளில் ஓடி இறங்கி அச்சுக்கூடத்தில் பக்கத்தை நிறுத்தினேன். அவர் திருத்திய கணக்கில், உப்பு மிகுந்த ஊர்களில் அந்தக் குப்பமே முதலில் நின்றது. அதையே அச்சிட்டோம். தண்ணீர் லாரி வருவது நிற்கவில்லை.

பிறகு ஒருநாள் இருவரும் குப்பத்துக்குப் போனோம். லாரியடியில் குடம் பிடித்துக்கொண்டிருந்த ஒரு பெண் கேட்டார்: "கரிக்குதுன்னு நாங்க சொன்னா ஒருத்தரும் நம்பல. ஒங்க கம்ப்யூட்டர் சொன்னா மட்டும் நம்புறாங்களே, அது என்ன தண்ணியா குடிச்சுப் பாத்துச்சு?"

"அதுவும் மொதல்ல ஒங்கள நம்பலக்கா. நான்தான் ரெண்டாவது தடவ கேட்டேன்."

அந்தப் பெண் சிரித்துக்கொண்டே ஒரு சொம்பு நீட்டினார். கொளுத்தும் வெயிலில் முக்காடு நழுவ, நசீரா அண்ணாந்து குடித்தார். முகமெல்லாம் தண்ணீர் வழிந்தது.

போய் வாருங்கள், நசீரா. அந்தத் தண்ணீர் நீங்கள் வாங்கித் தந்தது.