சோப்பு போடக் கூடாத சட்டை

வெளிநாட்டில் இருக்கும் என் தங்கை போன வருஷம் ஒரு மழைக்கோட்டு அனுப்பியிருந்தாள். கரும்பச்சை நிறம், முழங்கால் வரை நீளம். பருத்தித் துணியில் மெழுகு ஏற்றியது. அங்கே குதிரை வளர்ப்பவர்கள் இதைத்தான் போடுவார்களாம். நாமக்கல்லைச் சுற்றியுள்ள கோழிப்பண்ணைகளுக்கு ஸ்கூட்டரில் போய்த் தண்ணீரும் தீவனமும் சாம்பிள் எடுத்துவந்து பரிசோதனைக் கூடத்தில் கொடுப்பது என் வேலை. மழைக்காலத்தில் நான் படும் பாட்டைத் தொலைபேசியில் கேட்டுக் கேட்டு அவள் அனுப்பியது அது.

வந்த கோட்டைத் தொட்டால் கையெல்லாம் பிசுபிசுத்தது. அழுக்கு என்று நினைத்து வெந்நீரில் சோப்புத்தூள் போட்டு ஊறவைத்துத் துவைத்துக் காயப்போட்டேன். துணி பஞ்சு மாதிரி ஆகிவிட்டது. அடுத்த மழையில் உள்சட்டை வரை நனைந்தேன். தங்கையிடம் சொன்னதும், "ஐயோ, சோப்பா!" என்று அலறினாள். பிறகு, அதற்கு ஆயுசுக்கும் சோப்பு காட்டக் கூடாது என்றும், மறுபடி மெழுகைச் சூடாக்கிப் பூசிவிட்டால் சரியாகிவிடும் என்றும் சொன்னாள்.

இதைக் கேட்டதும் என் வீட்டுக்காரருக்கு வந்த உற்சாகத்தைச் சொல்லி முடியாது. லாரிகளுக்குத் தார்ப்பாய் தைக்கிற கடை அவருடையது. இருபது வருஷமாக மழையோடு மல்லுக்கட்டும் மனிதர்.

"தார்ப்பாய்க்குப் பண்றதுதான அம்மிணி. ஒரு மத்தியானத்துல முடிச்சுப்போடலாம்," என்றார்.

ஞாயிற்றுக்கிழமை நாட்டு மருந்துக் கடையில் தேன்மெழுகு வாங்கிவந்தார். அதோடு நாலு மெழுகுவத்தி. வெந்நீர்ப் பானைக்குள் ஒரு பழைய டப்பாவை வைத்து இரண்டையும் உருக்கினோம். ஆறினால் மெழுகு வெடிப்பு விட்டு உதிரும், கொஞ்சம் தேங்காய் எண்ணெய் சேர்க்கலாம் என்றார். கொஞ்சம் என்றவர் கரண்டி கரண்டியாக ஊற்றினார். கோட்டைக் கட்டிலில் விரித்துப் பழைய துணியால் நான் தேய்க்க, மகள் விட்டுப்போன தலைமுடி உலர்த்தும் மெஷினால் அவர் சூடுகாட்டினார். வெளுத்துக் கிடந்த துணி சூடு பட்ட இடமெல்லாம் கறுத்துப் பளபளத்தது. வீடே கோயில் மாதிரி மணந்தது. தையல் ஓரத்துக்கு இன்னும் கொஞ்சம், தோளுக்கு இன்னும் கொஞ்சம் என்று பூசிக்கொண்டே போனோம். இரவு ஃபேன் காற்றில் ஆறவிட்டோம். காலையில் கோட்டு ஆள் துணையில்லாமல் சுவரோரம் தானாக நின்றது. கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தால் யாரோ விருந்தாளி வந்த மாதிரி. அவர் அதற்கு வணக்கம் வைத்தார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

சோதனை பார்க்காமல் விடுவாரா? என்னை அதை மாட்டிக்கொண்டு வாசலில் நிற்கச் சொல்லிவிட்டு, மாடியிலிருந்து ஒரு குடம் தண்ணீரைத் தலையிலேயே ஊற்றினார். முடியெல்லாம் சொட்டச் சொட்ட நின்றேன். ஆனால் கோட்டின் மேல் விழுந்த தண்ணீர் முத்து முத்தாக உருண்டு ஓடியது. உள்ளே ஒரு சொட்டு இல்லை. "இன்னொரு கொடம் ஊத்துங்க," என்று நானே கேட்டேன். மூன்று குடம் ஆனது. எதிர்வீட்டு அம்மாள் கதவைத் திறந்து பார்த்துவிட்டு உடனே சாத்திக்கொண்டார்.

நாலாம் நாள் மதியம் ராசிபுரம் பக்கம் ஒரு பண்ணைக்குப் போயிருந்தபோது வானம் இருட்டிக்கொண்டு வந்தது. புழுக்கம் தாங்கவில்லை. இருந்தும் ஆசை ஆசையாகக் கோட்டை மாட்டிக்கொண்டு கொட்டகைக்குள் நடந்தேன். மழைக்கு முந்தின காற்று ஒரே வீச்சாக உள்ளே புகுந்தது. கூண்டுகளுக்கு அடியில் கிடந்த இறகும் தூவியும் எழும்பிச் சுழன்றன. புழுக்கத்தில் இளகிப்போயிருந்த மெழுகு அத்தனையையும் வாங்கிக்கொண்டது. தட்டினால் விரலில் ஒட்டியது, விரலிலிருந்து மறுபடி கோட்டில் ஒட்டியது. வெளியே வந்தபோது கழுத்திலிருந்து முழங்கால் வரை வெள்ளை வெளேரென்று இருந்தேன்.

பண்ணைக்காரர் நிதானமானவர், லேசில் சிரிக்காதவர். தீவனக் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு, "ஏனுங்கம்மா, கோழியப் பாக்க வந்தீங்களா, கோழியாவே ஆவ வந்தீங்களா?" என்றார். சொல்லிவிட்டு அவரே தாங்காமல் தூணைப் பிடித்துக்கொண்டார்.

கொட்டும் மழையில் கிளம்பினேன். ஊருக்குள் சிக்னலில் நின்றபோது டவுன் பஸ் ஜன்னல்களெல்லாம் முகங்களாய் நிறைந்தன. ஒரு பெண்மணி கையசைத்தார், நானும் அசைத்தேன். எனக்கு வெட்கமே வரவில்லை. உள்ளே சருகு மாதிரி காய்ந்திருந்தேன். நாற்பத்தாறு வயதில், மழைக்குள் முதல் தடவையாக நனையாமல் போகிறேன் என்ற நினைப்பே நெஞ்சுக்குள் குறுகுறுத்தது. வாய்விட்டுப் பாடிக்கொண்டே வண்டியை ஓட்டினேன்.

வீட்டுக்காரர் கதவைத் திறந்தார். தலையிலிருந்து கால் வரை ஒருமுறை, காலிலிருந்து தலை வரை ஒருமுறை பார்த்தார்.

"எண்ணெயக் கொஞ்சம் கொறச்சிருக்கோணும் அம்மிணி," என்றார்.

இரண்டு பேரும் படியிலேயே உட்கார்ந்துவிட்டோம். சிரிப்பு ஓய்ந்ததும் ஆளுக்கொரு கையாக இறகு பிடுங்கத் தொடங்கினோம். பாதிகூட முடியவில்லை, எனக்குப் பசித்தது. அவர் கோட்டை வாங்கி, மிச்ச இறகோடு அப்படியே தான் மாட்டிக்கொண்டு, தெருமுனைக் கடைக்கு மிளகாய் பஜ்ஜி வாங்க மழையில் இறங்கிப் போனார்.