தீப்பெட்டி இல்லாத பட்டியல்

குற்றாலத்தில் எனக்கு மூன்று வாடகை அறைகள் உண்டு. சீசனுக்கு வருகிறவர்கள் அங்கேயே சமைத்துக்கொள்வார்கள். அவர்கள் என்னென்ன கொண்டுவர வேண்டும் என்று நானே ஒரு பட்டியல் எழுதிச் சுவரில் மாட்டியிருக்கிறேன். போனில் அறை கேட்கிறவர்களுக்கு அதைப் பார்த்துத்தான் வாசிப்பேன். நான் படித்தது இரண்டாம் வகுப்பு. இருந்தாலும் அந்தப் பட்டியலில் இன்னொருவர் கைபட விட்டதில்லை.

மாடி அறையில் அச்சன்புதூர்ப் பெண் ஒருத்தி மாத வாடகைக்கு இருக்கிறாள். கம்ப்யூட்டர் வேலை. தமிழில் எழுதியதைப் படித்துப் பிழைக்குச் சிவப்புக் கோடு போடுகிற ஒன்றை ஜாவா என்கிற கம்ப்யூட்டர் பாஷையில் செய்துகொண்டிருந்தாள். சனிக்கிழமை தென்காசியில் ஒரு பதிப்பகத்தில், அவர்கள் கம்ப்யூட்டரில் அதை ஓட்டிக் காட்ட வேண்டும். ஓடினால் இன்னும் ஒரு வருஷத்துக்கு வேலை. ஓடாவிட்டால் அறையைக் காலி செய்துவிட்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

பழைய கம்ப்யூட்டரை அண்ணனுக்குக் கொடுத்துவிட்டுப் புதிது வாங்கியிருந்தாள். புதிதில் அவள் செய்தது எழுந்திருக்கவே இல்லை. வியாழக்கிழமை அவள் சாப்பிடாமல் உட்கார்ந்திருக்கவும் என்னவென்று கேட்டேன். எல்லாவற்றையும் அவளே எழுதுவதில்லையாம். பிறர் எழுதிவைத்த துண்டுகளைச் சேர்த்துக்கொள்வாளாம்; லைப்ரரி என்று பெயர். வேண்டியதைப் பட்டியலில் எழுதிவிட்டால் கம்ப்யூட்டரே நெட்டிலிருந்து எடுத்துக்கொள்ளுமாம். இப்போது இரண்டைக் காணோம் என்கிறதாம். பட்டியலில் ஒரு குறையும் இல்லை என்றாள். பட்டியல் சரி என்றால் வந்தவர்கள்மேல்தான் தப்பு என்று சொல்லிவிட்டு இறங்கினேன். எனக்கு முப்பது வருஷ அனுபவம்.

மறுநாள் மத்தியானம், சாரல் நேரம். கீழறைக்கு வந்திருந்த மதுரைக்காரர் ஈரத்துண்டோடு தீப்பெட்டி கேட்டு வந்தார். வருகிறவர்களெல்லாம் தவறாமல் கேட்கிற பொருள் அது. போனில் வாசித்தது காதில் ஏறவில்லையா என்று பிடித்துக்கொண்டேன். மனிதர் தலைகுனிந்து நின்றார். தண்ணீர் பிடிக்க வந்த மாடிப் பெண் சுவரைப் பார்த்தாள்.

"ஆச்சி, இதுல தீப்பெட்டியே இல்லையே."

"அத எதுக்குட்டி எழுதணும்? எங்கிட்டதான் எப்பவும் கெடக்குதே."

சிரிப்பாள் என்று நினைத்தேன். குடத்தை அப்படியே வைத்துவிட்டு, "எங்கிட்டயும் அப்படித்தான் கெடந்துச்சு" என்றாள்.

அந்த இரண்டு துண்டும் நெட்டில் கிடைக்காதவை. என்றைக்கோ கையால் பழைய கம்ப்யூட்டரில் போட்டு வைத்தாளாம். எப்போதும் இருந்ததால் பட்டியலில் சேர்க்கத் தோன்றவில்லை. உடனே அண்ணனைப் போனில் கூப்பிட்டாள். படம் ஏற்ற இடம் வேண்டுமென்று அவன் பாதியை அழித்திருந்தான். இவற்றின் பெயர் விளங்காததால் தொடவில்லையாம். கம்ப்யூட்டரை மழைக்கோட்டுக்குள் வைத்து பைக்கில் கொண்டுவந்தான்.

இரண்டையும் தன் வேலையோடு சேர்த்துவைத்துப் பட்டியலிலும் எழுதினாள். ஆனால் பட்டியலில் ஏறாமல் இன்னும் எது கிடக்கிறதோ, இனி தன் கம்ப்யூட்டரை நம்ப மாட்டேன் என்றுவிட்டாள். வாசலில் என் மகன் அறைக்கணக்கு எழுதுகிற கம்ப்யூட்டரில் இதெல்லாம் எதுவும் கிடையாது. அதில் ஜாவாவை மட்டும் ஏற்றித் தன் வேலையை ஓட்டினாள். பார்ப்பதற்கு ஏதாவது தமிழ் எழுத்து வேண்டுமே. என் பட்டியலை அப்படியே அடித்தாள். ஒரு வரி தப்பாமல் சிவந்தது.

"ஆச்சி, ஓடுது" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். என் பிழைகளைக் கண்டு இத்தனை சந்தோஷப்பட்ட ஆளை நான் பார்த்ததில்லை.

தென்காசியிலும் ஓடியது. அறையைக் காலி செய்யவில்லை. நன்றிக்கு என் பட்டியலைத் திருத்தி அச்சடித்துத் தருகிறேன் என்றாள். வேண்டாம் என்றுவிட்டேன். கடைசியில் தீப்பெட்டி என்று மட்டும் என் கையால் சேர்த்தேன்.

இப்போதும் தீப்பெட்டி இல்லாமல்தான் வருகிறார்கள். முன்னைவிட நன்றாகத் திட்ட முடிகிறது.