மேஜர் அக்காவும் தட்டைப் பாதமும்

கன்னத்தைத் தரையில் ஒட்டவைத்து, ஒரு கண்ணை இடுக்கிக்கொண்டு, கட்டில் கட்டிலாக நகர்கிறார் மேஜர் அக்கா. கடைசிக் கட்டிலுக்கு அடியில் ஒற்றைக் காலுறை கிடக்கிறது. "இது யாரோட பிணம்? வந்து தூக்கிட்டுப் போங்க!" விடுதியே சிரிக்கிறது. உரிமைக்காரச் சிறுமி ஓடிவந்து சல்யூட் அடித்து, அதை இரு கைகளிலும் ஏந்திக்கொண்டு போகிறாள்.

எந்த ராணுவமும் அவருக்கு மேஜர் பட்டம் கொடுக்கவில்லை, பிள்ளைகள் கொடுத்தது. முழங்கையில் ஒட்டுப் போட்ட காக்கிச் சட்டை, கழுத்தில் விசில். பால் பொங்கினால் ஒரு விசில். சமையல்காரர் உப்பை மறந்தால் நீளமாக இன்னொன்று. "காது கேட்டுடுச்சு மேஜர், கைதான் கேக்க மாட்டேங்குது" என்பார் அவர்.

பள்ளியின் வரலாற்றைக் கேட்டால் அடுப்படியில் நின்றபடியே சொல்லிவிடுவார். அப்பா காலணிக் கடைக்காரர். படையில் சேரப் போனவரைத் தட்டைப் பாதம் என்று திருப்பி அனுப்பினார்கள். மறு வருடமும் போனார். பாதம் அப்படியேதான் இருந்தது. "அப்பா போரை வேண்டாம்னு சொல்லலீங்க. போர்தான் அவரை வேண்டாம்னு சொல்லிடுச்சு." அந்த ரோஷத்தில், மூடிக்கிடந்த பிஸ்கட் ஆலை ஒன்றை வாடகைக்குப் பிடித்துத் தானே ஒரு ராணுவப் பள்ளி தொடங்கிவிட்டார்.

முதலில் சேர்ந்தவர்கள் மற்ற பள்ளிகள் கழித்துவிட்டவர்கள்: திக்கிப் பேசியவன், சோடாபுட்டிக் கண்ணாடிக்காரன், இடது எது வலது எது என்று பிடிபடாத ஒருவன். கடைசி ஆளுக்காக அப்பா ஒரு காலுக்குப் பழுப்பும் மறு காலுக்குக் கறுப்புமாகக் காலணி கொடுத்தார். அவன் மட்டும் வேடிக்கைப் பொருளாகக் கூடாது என்று எல்லோருக்கும் அதே ஜோடி. இன்றுவரை அங்கே "பழுப்பு, கறுப்பு! பழுப்பு, கறுப்பு!" என்றுதான் அணிவகுப்பு நடக்கிறது. துப்பாக்கிகள் மரத்தில் செய்தவை. இத்தனை காலத்தில் அவை வீழ்த்தியது ஒரு குளவிக்கூட்டை. படித்துப் போனவர்களில் தளபதி ஒருவர்கூட இல்லை. பல் டாக்டர் இருக்கிறார், லிப்ட் மெக்கானிக் இருக்கிறார், வாய்தா கேட்காத வக்கீல் ஒருவர் இருப்பதாகவும் கேள்வி.

நாலு பேரைக் கொன்றுவிட்டு வந்தவனுக்கு நடுத்தெருவில் சிலை வைக்கிற உலகம் இது. ஒருவரையும் கழிக்காத மனிதனுக்கு அது என்ன செய்யும்? அவர் பள்ளியின் கட்டில்களைப் பாதி காலியாக வைத்திருந்தது.

"இந்த வருஷமும் விடுதி நிறையலைன்னா மூடிட வேண்டியதுதான்க்கா. கட்டடத்தைக் கிடங்குக்குக் கேக்கறாங்க" என்றார், நிர்வாகம் பார்க்கும் தம்பி. லாரிக் கம்பெனி முதலாளி ஒருவர் தன் ஓட்டுநர்களின் பிள்ளைகளை மொத்தமாகச் சேர்க்க இருந்தார். ஆனால் போர்வீரர் தொடங்கிய பள்ளிதான் வேண்டுமாம். அவர் வருகிற அன்று காலையில், போர்டு எழுதுகிறவரைக் கூப்பிட்டு, கூடத்தில் தொங்கும் அப்பா படத்தில் தங்க நிறப் பதக்கங்களை வரைய வைத்துவிட்டார் தம்பி.

"அப்பாவுக்கு நெஞ்சுல என்னடா, சொறியா?"

"பதக்கம்க்கா. நீ வாயைத் தொறக்காம சும்மா நின்னா போதும், பள்ளிக்கூடம் பிழைச்சுக்கும்."

"சும்மா நிக்கிறதுதானே? அதைத்தானே இங்க எல்லாருக்கும் சொல்லிக் குடுக்கறேன்."

முதலாளி வந்தார். படத்தின் முன் நின்று கைகூப்பினார். "இதெல்லாம் எந்தப் போர்ல வாங்கினது?"

"அது வந்து... பெரிய போர்ங்க" என்றார் தம்பி.

அக்கா சும்மாதான் நின்றார்.

"தெரியுதே! அதான் நானும் பிள்ளைங்களைப் பொறுக்கியெடுத்துத்தான் அனுப்பப் போறேன். எங்க டிரைவர் ஒருத்தரோட பொண்ணுக்குக் கால் கொஞ்சம் இழுக்கும். வீரர் நடத்தின இடத்துக்கு அது சரிப்படாதுன்னு அவளை மட்டும் விட்டுட்டேன்."

மேஜர் அக்காவின் நிற்கும் நிலை கலைந்தது. நேராகப் போய் ஒரு ஸ்டூலை இழுத்துவந்து படத்துக்குக் கீழே போட்டார்.

"அக்கா, வேணாம்" என்றார் தம்பி.

"எங்கப்பா செருப்பு வித்தவருங்க" என்று முதலாளியிடம் சொன்னபடி ஸ்டூலில் ஏறினார். "போருக்குப் போனதில்ல. தட்டைப் பாதம்னு கழிச்சுட்டாங்க. நீங்க யாரை வேணா அனுப்புங்க, அனுப்பாம இருங்க. அந்தப் பொண்ணை மட்டும் கூட்டிட்டு வந்துடுங்க."

சட்டைப் பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து அழுத்தித் துடைத்தார். காயாத வண்ணம் துணியோடு வந்தது. பதக்கங்கள் ஒவ்வொன்றாக மறைய, பழைய காக்கி வெளியே தெரிந்தது. தோளோரத்தில் இருந்த கடைசிப் பதக்கம் மட்டும் எட்டவில்லை. எக்கிப் பார்த்தார்; முடியவில்லை. ஸ்டூலிலிருந்து இறங்கி, மஞ்சளேறிய கைக்குட்டையைத் தன்னைவிட உயரமான தம்பியிடம் நீட்டினார்.