ராஜபாளையத்துக்கு இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்கப் போனது

திருநெல்வேலி ஜங்ஷனில் காலை ஏழு மணிக்கு ராஜபாளையம் பஸ் புறப்பட்டது. சங்கரன்கோவில் வழியாகப் போகிற வண்டி. தூரம் எண்பத்தைந்து கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூட. எண்பத்தொன்பதாம் வருடம், மே மாத ஆரம்பம். ஜன்னல் கம்பி அப்போதே சுட ஆரம்பித்திருந்தது. என் மடியில் ஒரு அட்டைப்பெட்டி நிறையப் படங்கள்: நாய், குடை, நாற்காலி, ஆப்பிள், பூனை. பாளையங்கோட்டையில் ஒன்றாம் வகுப்புக்கு நான் இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்கிற படங்கள்.

என்னோடு கல்லூரியில் படித்த சரோஜாவின் கணவர் ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையில் மேனேஜர். அந்த மில்லுக்கு ஸ்பெயினிலிருந்து புது மெஷின்கள் வந்திருந்தன. அவற்றைப் பூட்டி ஓடவிட்டுக் கொடுக்க ரமோன் என்ற மெக்கானிக்கும் வந்திருந்தார். அவர் மனைவி முந்தின வருடம் நோயில் இறந்துபோனாள். விட்டுவிட்டு வர ஆள் இல்லாமல் இரண்டு பிள்ளைகளையும் கையோடு கூட்டி வந்துவிட்டார். ஜூனில் அவர்களைக் கொடைக்கானலில் ஒரு விடுதிப் பள்ளியில் சேர்க்க வேண்டும். பிள்ளைகளுக்கு ஸ்பானிஷ் தவிர வேறு பாஷை தெரியாது. "லீவுதானே, ஒரு மாசம் வந்து இரு" என்று சரோஜா எழுதியிருந்தாள்.

சங்கரன்கோவிலில் பூக்கூடையோடு ஒரு அம்மாள் ஏறி என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"எங்க போறீக?"

"ராஜபாளையம். பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்கப் போறேன்."

"யாரு வீட்டுப் பிள்ளைக?"

"வெள்ளைக்காரப் பிள்ளைக."

அவள் என்னைச் செத்த நேரம் பார்த்தாள். "வெள்ளக்காரப் புள்ளைகளுக்கு இங்கிலீசு தெரியாதா? இது என்ன கூத்தா இருக்கு" என்றாள். பிறகு ராஜபாளையம் வரும்வரை நினைத்து நினைத்துச் சிரித்துக்கொண்டே வந்தாள்.

மில் விடுதி ஊருக்குத் தெற்கே தென்காசி ரோட்டில் இருந்தது. மேற்கே மலை, காலையில் நீலமாகவும் மதியத்தில் சாம்பல் நிறமாகவும் தெரியும். அதன் அடிவாரம் வரை தென்னையும் மாவும். விடுதி வாசலில் ஒரு வெள்ளை நாய் கட்டிக் கிடந்தது. நான் போய் இறங்கியபோது நாய்க்கு எட்டாத தூரத்தில் இரண்டு பிள்ளைகள் குத்துக்காலிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். மூத்தவள் இனெஸ், எட்டு வயது. தம்பி மத்தேயோ, ஐந்து. எங்கள் வேதாகமத்து மத்தேயுதான், வாலில் கொஞ்சம் இழுக்கிறார்கள்.

மத்தேயோ நாயைக் காட்டி "பெர்ரோ" என்றான்.

"டாக்" என்றேன் நான்.

தண்ணீர்க் குடத்தோடு வந்த சமையல்கார அன்னத்தாய், "நாயி" என்றாள்.

இனெஸ் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். எந்தச் சொல்லை எடுத்துக்கொள்வது என்று அவள் யோசித்தது முகத்தில் தெரிந்தது.

முதல் வாரம் முழுக்க அன்னத்தாய்க்கும் மத்தேயோவுக்கும் சண்டை. "டீச்சர், இட்லி வேணுமான்னு கையக் காட்டிக் கேட்டா சீங்கான். பால் வேணுமான்னா அதுக்கும் சீங்கான். இம்புட்டுக்காணு பய, நான் ஆக்குனது அம்புட்டு அசிங்கமாவா இருக்கு?" என்று என்னிடம் வந்து நின்றாள். அவர்கள் பாஷையில் 'சீ' என்றால் ஆமாம் என்று ரமோன் சொல்லித்தான் எங்களுக்குத் தெரிந்தது. பையன் பாவம், வேண்டும் வேண்டும் என்று சொல்லச் சொல்ல அவள் தட்டை எடுத்துக்கொண்டு போயிருக்கிறாள். அன்றைக்கு அவனுக்கு ஆறு இட்லி வைத்தாள். அவன் அப்பாவைக் கூப்பிடுவதும் அப்படித்தான். "பப்பா, பப்பா" என்று வாசலைப் பார்த்து அழுவான். "எந்தப் பாப்பாவய்யா தேடுத?" என்று அவள் தூக்கி இடுப்பில் வைத்துக்கொள்வாள்.

காலையில் படங்கள், மாலையில் தெரு. வாழைக்காய் மண்டி, சைக்கிள் கடை, ரயில்வே கேட். கண்ணில் பட்டதற்கெல்லாம் இங்கிலீஷில் பெயர் சொல்லிக்கொண்டு போவேன், பின்னால் இரண்டு குரல்கள் திருப்பிச் சொல்லிக்கொண்டு வரும். மேசையை அவர்கள் மேசா என்பார்கள். அன்னத்தாய் வாயில் மேசை என்று கேட்டபோது இனெஸ் அவள் சேலையைப் பிடித்து இழுத்து மறுபடி சொல்லச் சொன்னாள். 'டேபிள்' அவளுக்கு நிற்கவே இல்லை. மேசையைத் தட்டிக் காட்டி, என்னைப் பார்த்து, மேசை என்றே சொல்வாள். நான் திருத்துவேன். கொடைக்கானலில் மேசை செல்லாது என்று எனக்குக் கவலை.

ரமோன் விடியும் முன் மில்லுக்குப் போய் இருட்டித்தான் திரும்புவார். குட்டையான, தோள் அகன்ற மனிதர். அவர் இங்கிலீஷ் முழுக்க மெஷின் இங்கிலீஷ்: டைட், லூஸ், ஆயில், ஸ்டாப். இரண்டாம் ஞாயிற்றுக்கிழமை மில் ஜீப்பில் எங்கள் எல்லோரையும் ஸ்ரீவில்லிபுத்தூர் கூட்டிப்போனார். பன்னிரண்டு கிலோமீட்டர். டிரைவர் செல்லையா தேரடியில் நிறுத்தி பால்கோவா வாங்கிவந்து கொடுத்தார். பிள்ளைகள் இலையை நக்கினார்கள். அங்கிருந்து செண்பகத்தோப்பு. வனத்துறைக்காரர் சோதனைச் சாவடியில் வண்டியை நிறுத்தி, "ஓடை வரைக்குந்தான். மேல ஆனை நிக்கி" என்று சொல்லி விட்டார். ஓடையில் முழங்கால் அளவுக்குத் தண்ணீர் இருந்தது. பிள்ளைகள் அதில் இறங்கி நின்று எனக்கு ஸ்டோன், வாட்டர், லீஃப் என்று ஒவ்வொன்றாகத் தூக்கிக் காட்டினார்கள்.

ரமோன் பாறையில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என் பக்கம் திரும்பி, தன் உடைந்த இங்கிலீஷில் சொன்னார். தமிழில் சொன்னால் இப்படி வரும்: "டீச்சர், அம்மா இல்லை. நான் எப்போதும் வேலை. ஸ்கூலில் யார் இருக்கிறார்கள்? வயிறு வலித்தால் யாரிடம் சொல்வார்கள்? சொல் கொடுங்கள்." அவர் கையை வயிற்றில் வைத்துக் காட்டினார். என் பெட்டியில் ஆப்பிளும் குடையும்தான் இருந்தன, வலி இல்லை. மறுநாளிலிருந்து வலி, பசி, குளிர் என்று நடித்துக் காட்ட ஆரம்பித்தேன்.

அந்தப் புதன்கிழமை, காலை பத்து மணி இருக்கும். சங்கு ஊதுகிற நேரம் இல்லை, மில் சங்கு ஊதியது. விட்டு விட்டு ஊதியது. அன்னத்தாய் அடுப்பை அணைத்துவிட்டு வாசலுக்கு ஓடினாள். அவள் புருஷனும் அதே மில்லில்தான் வேலை.

புது மெஷினின் ஒரு பாகத்தைச் சங்கிலியில் தூக்கி நகர்த்தும்போது கொக்கி விலகிவிட்டது. கீழே நின்ற இரண்டு பேரை ரமோன் தள்ளிவிட்டார். அவரால் விலக முடியவில்லை. செல்லையா ஜீப்பில் பின்சீட்டைக் கழற்றிவிட்டு அவரை மதுரைக்குக் கொண்டுபோனார். மாலையில் திரும்பி வந்தவர் விடுதிக்குள் வரவில்லை. நான்தான் வேலியோரம் போனேன்.

"கல்லுப்பட்டி தாண்டும்போதே போயிருச்சு டீச்சர்" என்றார். "அதுவரைக்கும் பேசிக்கிட்டே வந்தாரு. ஏதோ சொல்லுதாரு, திருப்பித் திருப்பிச் சொல்லுதாரு. வண்டியில நாங்க மூணு பேரு இருக்கோம், ஒருத்தனுக்கும் ஒண்ணும் விளங்கல. சரிங்க, சரிங்கன்னு தலைய ஆட்டிக்கிட்டே வந்தோம்." அவர் கைத்துண்டை வாயில் வைத்துக்கொண்டு நின்றார்.

மேனேஜர் அதற்குப் பிறகு வந்தார். சட்டையில் மெஷின் கறை. "டீச்சர், டெல்லிக்கு போன் போட்டாச்சு. அவங்க எம்பஸியிலருந்து ஒருத்தர் வாராரு. ரெண்டு நாளாகும். அது வரைக்கும் பிள்ளைகள்ட்ட ஒண்ணும் சொல்லாதீங்க. அப்பா மெட்ராஸ் போயிருக்காரு, நாளைக்கு வருவாருன்னு சொல்லிருங்க."

"நாளைக்கும் இதையே சொல்லணுமா?"

"வேற என்ன சொல்லுவீங்க? எந்தப் பாஷையில சொல்லுவீங்க?" அவர் கோபப்படவில்லை. படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டார். "நானும் பிள்ளை பெத்தவன்தான். எனக்குச் சொல்லத் தெரியல. உங்களுக்குத் தெரியுமா?"

அன்றைக்கு அந்தப் பொய்யைத்தான் சொன்னேன். பப்பா, மெட்ராஸ். பப்பா, டுமாரோ. எல்லாம் அவர்களுக்குத் தெரிந்த சொற்கள். மத்தேயோ சரி என்று தூங்கப் போனான்.

வியாழக்கிழமை காலையில் இனெஸ் சாப்பிடவில்லை. மில் ஆட்கள் இரண்டு இரண்டு பேராக விடுதிக் கேட்டருகே வந்து நின்று, பிள்ளைகளைப் பார்த்துவிட்டு, வாயைப் பொத்திக்கொண்டு திரும்பிப் போனார்கள். ஜன்னலில் நின்று அவள் அதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள். அன்னத்தாய் அவள் தலையில் எண்ணெய் வைக்கும்போது அழுதுவிட்டாள். இனெஸ் தலையை விடுவித்துக்கொண்டு நேராக என் முன்னால் வந்து நின்றாள்.

"டீச்சர். பப்பா?"

இன்னொரு முறை டுமாரோ என்று சொல்ல வாயெடுத்தேன், வரவில்லை. கீழே விழுந்தார் என்பதைச் சொல்ல அவளிடம் சொல் இருந்தது. விளையாட்டில் விழுந்து எழுந்து கற்ற சொல். "பப்பா ஃபால் டவுன்" என்றேன்.

"ஹாஸ்பிட்டல்?"

"யெஸ்."

அவள் யோசித்தாள். "பப்பா ஸ்லீப்?"

எங்கள் சபையில் யாராவது இறந்தால் நித்திரையடைந்தார் என்றுதான் சொல்வோம், கல்லறையில் அப்படித்தான் எழுதுவோம். ஆமாம் என்று சொல்லிவிடலாம். ஆனால் அவள் விழிப்பதற்காகக் காத்திருப்பாளே. "நோ" என்றேன். "நாட் ஸ்லீப்."

அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மெதுவாக, ஒவ்வொரு சொல்லுக்கும் நிறுத்தி, கேட்டாள். "பப்பா... மமா... சேம்?"

இரண்டு படங்களைப் பக்கத்தில் வைத்து, ஒன்றுபோல இருக்கிறதா என்று கேட்கிற ஆட்டத்தில் நான் கற்றுக்கொடுத்த சொல் அது.

"சேம்" என்றேன்.

அவள் அழவில்லை. தலையை ஒருமுறை ஆட்டினாள். வகுப்பில் சரியான விடை சொன்னால் நான் தலையை ஆட்டுவேன், அதே மாதிரி. பிறகு திண்டில் ஏறி உட்கார்ந்து, காகிதக் கப்பல் செய்துகொண்டிருந்த தம்பியை இழுத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பேசத் தொடங்கினாள். வெகு நேரம் பேசினாள். அவன் ஏதோ கேட்டான், அவள் சொன்னாள். மறுபடி கேட்டான். நான் இரண்டடி தள்ளி நின்றுகொண்டிருந்தேன். எட்டு வயதுப் பிள்ளை அந்தச் செய்தியை எப்படிச் சொன்னாள் என்பதில் ஒரு சொல்லும் எனக்குத் தெரியாது. கடைசியில் அவன் என்னிடம் ஓடிவந்து, "பப்பா டுமாரோ?" என்றான். நேற்று நான் சொன்ன சொல்.

"நோ" என்றேன். அவன் என்னைக் கையால் அடித்தான்.

மேனேஜரிடம் போய், சொல்லிவிட்டேன், பிள்ளைகள் அப்பாவைப் பார்க்க வேண்டும் என்றேன். "செல்லையாவக் கூப்பிடுங்க" என்றார் அவர்.

மதுரை எண்பத்தைந்து கிலோமீட்டர். ஸ்ரீவில்லிபுத்தூரில் தேரடிக் கடைகள் திறந்திருந்தன. செல்லையா வேகத்தைக் குறைக்கவில்லை. கிருஷ்ணன்கோவில் தாண்டி ரோடு நேராகிறது. வெயிலில் தார் பளபளத்தது. யாரும் எதற்கும் பெயர் சொல்லவில்லை. கல்லுப்பட்டி வந்ததும் செல்லையா வண்டியை ஓரம் கட்டி, இறங்கிப் போய் வேப்பமரத்தடியில் செத்த நேரம் நின்றுவிட்டு வந்தார்.

ஆஸ்பத்திரியில் ரமோனின் முகத்தைக் கழுவித் தலை வாரி வைத்திருந்தார்கள். கழுத்துக்குக் கீழே துணி. இனெஸ் அவர் நெற்றியில் சிலுவை போட்டாள். மத்தேயோ மூக்கைத் தொட்டுப் பார்த்துவிட்டு, விரலை எடுத்துத் தன் சட்டையில் துடைத்துக்கொண்டான். அங்கேயும் அவள் அழவில்லை. அன்றிரவும் இல்லை. மதுரையில் சரோஜாவின் அண்ணன் வீட்டில் தங்கினோம். கொடுத்ததைச் சாப்பிட்டு, சொன்ன இடத்தில் படுத்து, ஒவ்வொன்றுக்கும் 'தாங்க்யூ' என்றாள் இனெஸ்.

வெள்ளிக்கிழமை மதியம் எம்பஸியிலிருந்து ஒருவர் வந்தார். வழுக்கைத் தலை, கையில் கோட். வரும் வழியில் வெயிலில் முகம் சிவந்திருந்தது. கூடத்துக்குள் வந்து, பிள்ளைகளுக்கு முன்னால் முட்டி போட்டு உட்கார்ந்து, அவர்கள் பாஷையில் ஏதோ சொன்னார். சின்ன வாக்கியம்தான். இனெஸ் அவரை முன்பின் பார்த்ததில்லை. ஆனால் அவர் வாயைத் திறந்ததும் அவள் உடம்பு உடைந்தது. அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டு சத்தம் போட்டு அழுதாள். அழுகைக்கு நடுவே அவள் பேசினாள், கேள்வி கேட்டாள், ஏதோ குற்றம் சாட்டினாள். மூன்று வாரமாக நான் கேட்காத அத்தனை பேச்சு. அவர் ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்லிக்கொண்டே இருந்தார். நான் அடுக்களைப் பக்கம் போய் நின்றுகொண்டேன்.

மறுநாள் அவர்கள் மெட்ராஸுக்கு விமானம் ஏறினார்கள். அங்கிருந்து ஊருக்கு. இனெஸ் எனக்குக் கை கொடுத்தாள். பிள்ளைகளை அங்கே யார் வளர்த்தார்கள் என்று எனக்குத் தெரியாது. கடிதம் எதுவும் வரவில்லை.

என் துணிமணி ராஜபாளையத்தில் இருந்ததால் செல்லையாவோடு திரும்பிப் போய் எடுத்துக்கொண்டேன். அன்னத்தாய் பஸ் ஸ்டாண்டு வரை வந்தாள்.

"அந்தப் பெரிய புள்ள அழுதுச்சா டீச்சர்?"

"அழுதா. அவங்க ஊர் ஆள் வந்த பொறவு அழுதா."

"சரி" என்றாள். "நம்மகிட்ட எப்படி அழும்."

சங்கரன்கோவில் பஸ்ஸில் கூட்டம். பின்சீட்டில் ஒரு கிழவர் மருமகனைத் திட்டிக்கொண்டிருந்தார். முன்னால் இரண்டு பெண்கள் ஒரு கல்யாணத்தில் நகை போட்டதைப் பற்றிப் பேசினார்கள். எனக்குப் பதினொரு வயதில் எங்கள் அப்பா இறந்தது நினைவுக்கு வந்தது. பாளையங்கோட்டை வீட்டில் தெருவே வந்து நிறைந்தது. சபைக்காரர்கள் பாடினார்கள், அத்தைமார் அப்பாவின் நல்ல குணங்களைச் சொல்லிச் சொல்லி அழுதார்கள், பக்கத்து வீட்டுக்காரர்கள் சாப்பிடு சாப்பிடு என்று அதட்டினார்கள். இவர்கள் வாயை மூடமாட்டார்களா என்று நான் கதவிடுக்கில் ஒளிந்துகொண்டிருந்தேன். அன்றைக்கு யார் என்ன சொன்னார்கள் என்று இப்போது கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. ஆனால் அந்த நேரத்தில் அவர்கள் சொன்ன ஒவ்வொரு சொல்லும் எனக்குப் புரிந்தது.