சைக்கிள் கடைக்காரரின் சர்க்கரை

நான் விற்கிற சைக்கிளின் ஃபிரேமுக்கு ஐந்து வருட வாரண்டி உண்டு. அதை வாங்குகிறவரின் வைராக்கியத்துக்குத்தான் இதுவரை எந்தக் கம்பெனியும் வாரண்டி கொடுக்க முன்வரவில்லை.

திண்டிவனத்தில் பதினெட்டு வருடமாகக் கடை வைத்திருக்கிறேன். முன்பெல்லாம் பள்ளிக்கூடப் பிள்ளைகளும் பால்காரர்களும் வந்தார்கள். இப்போது வருகிறவர்களில் பாதிப் பேர் டாக்டர் சொல்லி வருகிறார்கள். 'நடங்க, இல்லன்னா சைக்கிள் ஓட்டுங்க' என்று டாக்டர் சொல்வதில் நடப்பது இலவசம் என்பதால் அதில் யாருக்கும் நம்பிக்கை இல்லை. இதைப் படிக்கிற உங்களில் எத்தனை பேர் வீட்டில் அப்படி வாங்கிய சைக்கிள் சுவரில் சாய்ந்து நிற்கிறது என்று எனக்குத் தெரியும். கூச்சப்பட வேண்டாம், நானும் உங்கள் கட்சிதான். சைக்கிள் கடையைத் திறக்க தினமும் ஸ்கூட்டரில் வருகிறவன் நான்.

போன ஆனி மாதக் கடைசியில் எனக்குச் சர்க்கரைப் பரிசோதனை ரிப்போர்ட் வந்தது. மூன்று மாத சராசரி எட்டு புள்ளி நாலு. அடுத்த மூன்று மாதத்தில் குறையாவிட்டால் இன்சுலின் ஊசிதான் என்றார் டாக்டர். என் அப்பாவுக்கு இதே சர்க்கரையில் கால் விரல் இரண்டை எடுத்தார்கள். உண்மையாகவே பயந்துபோனேன். என் கடையில் சைக்கிள் வாங்கிய பத்துப் பேரைச் சேர்த்து வாட்ஸ்அப்பில் ஒரு குழு ஆரம்பித்தேன். காலை ஐந்தரைக்கு என் கடை வாசலில் கூட வேண்டும், ஒலக்கூர் கூட்டு ரோடு வரை போய்த் திரும்ப வேண்டும், இருபது கிலோமீட்டர். அவர்களுக்கு ஊக்கம் கொடுக்கப் போவதாகச் சொன்னேன். எனக்குத் துணைக்கு ஆள் வேண்டியிருந்தது என்பதைச் சொல்லவில்லை.

எலுமிச்சம்பழம்

குழுவில் முதலில் சேர்ந்தவர் பத்திரம் எழுதும் கோதண்டம். பூசை போடாமல் வண்டியில் ஏறக் கூடாது என்று, புது சைக்கிளை லோடு ஆட்டோவில் ஏற்றி மயிலம் முருகன் கோயிலுக்குக் கொண்டுபோனார். துணைக்கு என்னையும் கூட்டிப் போனார். மாலை போட்டு, சந்தனம் வைத்து, இரண்டு சக்கரத்துக்கும் கீழே எலுமிச்சம்பழம் வைத்தார்கள். சைக்கிளை உருட்டினால் பழம் நசுங்காமல் நழுவி ஓடுகிறது. வெறும் சைக்கிளுக்கு அந்தக் கனம் ஏது. பூசை போட்டவர் கோதண்டத்தையே மேலே ஏறி உட்காரச் சொன்னார். அவர் உட்கார்ந்ததும் இரண்டு பழமும் ஒன்றாகச் சாறாகிப்போயின. சைக்கிளில் அவர் ஏறியது அன்றைக்கு ஒரு தடவைதான்.

மறுநாள் ஆடி பிறந்துவிட்டது. ஆடியில் புதிதாக எதையும் ஆரம்பிக்கக் கூடாது. ஆவணியில் மச்சான் வீட்டுக் கல்யாணம். புரட்டாசியில் கறி சாப்பிடாததால் உடம்பில் தெம்பு இல்லையாம். "அப்ப எப்போதான் சார் வருவீங்க?" என்று கேட்டேன். விரல் விட்டு எண்ணினார்.

"ஐப்பசியில மழை, கார்த்திகையில மாலை போட்டுக்குவேன், மார்கழி பீடை மாசம். தையில ஆரம்பிச்சேன்னு வையுங்க, அப்புறம் என்ன யாராலயும் நிறுத்த முடியாது சார்."

முப்பத்தேழு கிலோமீட்டர்

அன்றன்று ஓட்டிய தூரத்தைப் போனில் உள்ள ஆப்பிலிருந்து படம் எடுத்துக் குழுவில் போட வேண்டும் என்பது விதி. ரமணி என்பவர் விழுப்புரத்தில் ஒரு ஆபீசில் வேலை பார்க்கிறார். காலையில் எங்களோடு வர நேரமில்லை, தனியாக ஓட்டிக்கொள்கிறேன் என்றார். முதல் நாளே முப்பத்தேழு கிலோமீட்டர் போட்டார். மறுநாளும் அதே முப்பத்தேழு. எல்லாரும் கைதட்டுகிற பொம்மை அனுப்பினோம். எட்டு, பத்து என்று போட்டுக்கொண்டிருந்த இரண்டு பேர் வெட்கப்பட்டுக் குழுவை விட்டே போனார்கள். எனக்கும் வயிறு எரிந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மெனக்கெட்டு அவர் போட்ட வரைபடத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். வேகம் மணிக்கு ஐம்பது கிலோமீட்டர். ரோடே இல்லாத இடத்தில் கோடு நேராகப் போகிறது. மயிலம், பேரணி, விக்கிரவாண்டி, முண்டியம்பாக்கம் என்று ஒவ்வொரு இடத்திலும் ஒரு நிமிடம் நின்று கிளம்பியிருக்கிறார். பாசஞ்சர் ரயிலில் உட்கார்ந்துகொண்டு ஆப்பை ஆன் செய்திருக்கிறார் மனுஷன். போன் போட்டுக் கேட்டேன். மறைக்கவில்லை, கொஞ்சம் வருத்தப்பட்டார்.

"ட்ரெயினு பேரணியில நிக்கறப்போ நான் பிளாட்பாரத்துல எறங்கி நடந்துக்கினுதான் சார் இருந்தேன். அதையாவது கணக்குல சேத்துக்கோங்க."

அவசர சர்வீஸ்

குழுவில் இருந்த ஒரே பெண் விழுப்புரத்து டீச்சர். நின்ற இடத்திலேயே மிதிக்கிற சைக்கிள் வாங்கியவர். வீட்டுக்குள்ளேயே ஓட்டிக்கொள்கிறேன் என்று சொல்லியிருந்தார். ஒரு நாள் காலையில் போன். "சார், சைக்கிளு ரொம்ப ஆடுது. ரெண்டு நாளா ஒரே பேஜாரு, இன்னைக்கே வந்து பாருங்க." நம் குழுவிலும் ஒரு ஜீவன் இவ்வளவு அக்கறையாக ஓட்டுகிறதே என்று மனம் குளிர்ந்து, கடையை விட்டுவிட்டு பஸ் ஏறினேன்.

போய்ப் பார்த்தால் ஹேண்டில் ஒரு பக்கம் தொங்குகிறது. பெடலில் தூசி, அதன் நடுவில் சிலந்தி வலை. வலை அறுந்துவிடாமல் ஹேண்டிலின் கழுத்துப் போல்ட்டை மட்டும் முறுக்கினேன். இவ்வளவு தூரம் வந்தோமே என்று சங்கிலிக்கும் எண்ணெய் விடப் போனேன். டீச்சர் கையை நீட்டித் தடுத்தார்.

"ஓட்டறதுக்கு யாருங்க கேட்டாங்க? ஈரப் பெட்ஷீட்ட போட்டா சாயாம நிக்கணும், அவ்வளோதான். ஜல்தியா முடிங்க, மழ வர்ற மாதிரி இருக்குது."

ஊக்கம்

என் கடை மெக்கானிக் ஏழுமலைக்கு ஐம்பது வயது. ஒலக்கூரைத் தாண்டி உள்ளே ஒரு கிராமத்திலிருந்து பழைய இரும்பு சைக்கிளில் தினமும் வந்து போகிறார். கேரியரில் சாப்பாட்டுத் தூக்கு. வயலில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, எடுக்கிற காலத்தில் எனக்கும் ஒரு பை இருக்கும். தொப்பை என்ற சொல் அவர் உடம்புக்குத் தெரியாது.

குழுவில் ஒருவர் பிளாட் விற்பவர். ஹெல்மெட், கையுறை, பின்பக்கம் பஞ்சு வைத்த கால்சட்டை எல்லாம் வாங்கிவிட்டு, நாலாம் நாளே மூச்சு வாங்கி நின்றுபோனவர். அவர் ஏழுமலையின் காலைப் பார்த்து அசந்துபோய், குழுவில் போடுவதற்காகப் போனை அவர் முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு, "அண்ணே, பதினெட்டு வருஷமா தினமும் ஓட்டறீங்களே, உங்களோட மோட்டிவேஷன் இன்னா?" என்று கேட்டார். ஏழுமலை பஞ்சர் போட்டுக்கொண்டே பதில் சொன்னார். அவருக்குச் சம்பளம் கொடுக்கிறவன் என்பதால் நான் பில் புத்தகத்தைத் தேடுகிற மாதிரி குனிந்துகொண்டேன்.

"ஏழர பஸ்ஸ வுட்டா எங்க ஊருக்கு அடுத்த பஸ்ஸு பத்தரைக்குதாங்க. பைக்கு வாங்கிட்டேன்னா இத ஒடனே நிறுத்திடுவேன்."

மாவு

முதல் நாள் ஒலக்கூர் கூட்டு ரோட்டுக்கு என்னையும் சேர்த்து எட்டுப் பேர் போனோம். திரும்புகிற இடத்தில் செல்வி என்பவரின் டிபன் கடை. பத்து கிலோமீட்டர் மிதித்தவனுக்குப் பூரி சாப்பிட உரிமை உண்டு என்று ஒரே மனதாக முடிவானது. குழுவில் வேறு எந்த முடிவும் அப்படி ஒரே மனதாக எடுக்கப்பட்டதில்லை. எட்டுப் பேரும் சாப்பிட்ட வேகத்தைப் பார்த்த செல்வி, மறுநாளிலிருந்து எங்களுக்கென்று தனியாக மாவு அரைக்க ஆரம்பித்துவிட்டார். என் நம்பரையும் வாங்கி வைத்துக்கொண்டார்.

எட்டு ஐந்தானது, ஐந்து மூன்றானது, ஆவணி முடிவதற்குள் நான் மட்டும்தான். ஆனால் காலை ஐந்து மணிக்கு அலாரத்துக்கு முன்னால் செல்வியின் போன் வந்துவிடும். "சார், மாவு ரெடி பண்ணிக்கினு இருக்கேன். கிளம்பிட்டீங்களா?" இல்லை என்று சொல்ல மனசு வரவில்லை. பொய் சொல்லக் கூடாது, என்னை விடாமல் ஓட்ட வைத்தது டாக்டரின் மிரட்டல் அல்ல, இந்தப் போன்தான். அரைத்த மாவு வீணாகக் கூடாதே என்று நாலு இட்லி, ஒரு செட் பூரி, இரண்டு வடை, சர்க்கரை போட்ட டீ. மற்றவர்கள் வரவில்லையே, உனக்கு நஷ்டம்தானே என்று ஒரு நாள் மெதுவாகக் கேட்டேன். செல்வி இன்னொரு வடையைத் தட்டில் வைத்தார்.

"எனக்கு ஒண்ணும் கொறையில்ல சார். நீங்க ஒருத்தர் வந்தாலும் நாலு பேரு வந்த மாதிரிதான்."

ரிப்போர்ட்

ஐப்பசி பிறந்ததும் பரிசோதனைக்குச் சைக்கிளிலேயே போனேன். எழுபத்தொரு நாள் ஓட்டியிருந்தேன், ஒரு கிலோமீட்டர் கூட ரயிலில் இல்லை. ரிப்போர்ட்டைப் பிரிக்கும்போது பரீட்சையில் தேறிவிட்ட தைரியம். எட்டு புள்ளி ஒன்பது என்று இருந்தது. ஆள் மாறிவிட்டது என்று பரிசோதனைக் கூடத்தில் சண்டை போட்டேன். மாறவில்லை.

டாக்டரிடம் ஆப்பில் இருந்த எல்லா நாளையும் தள்ளித் தள்ளிக் காட்டினேன். பொறுமையாகப் பார்த்தார். தினமும் ஒரே இடத்துக்குப் போகிறீர்களே, அங்கே என்ன என்று கேட்டார். சொன்னேன். என்ன சாப்பிடுவீர்கள் என்று கேட்டார். அதையும் சொன்னேன். பேனாவை மேசைமேல் வைத்தார். பிறகு அதை எடுத்து ஊசி மருந்தை எழுதினார். நான் செருப்புக்குள் இருந்த என் பத்து விரலையும் பார்த்துக்கொண்டிருந்தேன். எழுதி முடித்த சீட்டை நீட்டிக்கொண்டே அவர் சொன்னார்.

"கொஞ்ச நாளைக்குச் சைக்கிள நிறுத்திடுங்க. அது உங்க ஒடம்புக்கு ஒத்துக்கல."

நிறுத்தவில்லை, இப்போதும் ஊசி போட்டுக்கொண்டு ஒலக்கூர் போகிறேன், செல்வி கரண்டியோடு வெளியே வந்து கைகாட்டிக் கூப்பிட, நிற்காமல் அந்தக் கடையைத் தாண்டி மிதிக்கிற நூறு அடிதான் இத்தனை மாதத்தில் நான் செய்திருக்கிற ஒரே உடற்பயிற்சி.